அக்காவும் பொருத்தம், அண்ணாவும் பொருத்தம்: பிறகு ஏன் இந்த ஜி.வி.எச்.டி. பயம்?

கொட்டடிப் பெடியன் | செவ்வாய் இரவு 9.12

வணக்கம். இங்கே முதன்முறை எழுதுகிறேன்.

என் நடு அண்ணாவுக்கு வயது 46. தை மாதம் காய்ச்சலும் முரசில் இரத்தக் கசிவும் என்று தொடங்கியது, ஏ.எம்.எல். என்ற இரத்தப் புற்றுநோயில் வந்து நின்றது. மகரகமவில் மருந்து ஏற்றி இப்போது நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் திரும்பி வரக்கூடிய வகை என்பதால் இன்னொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூலக் கலத்தை, ஏற்ற வேண்டுமாம். இந்தியாவில் செய்வதென்று வீட்டில் முடிவு. பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருப்பது பெரிய உதவி.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். மற்ற நால்வரும் எச்.எல்.ஏ. (கலங்களின் மேல் இருக்கும் அடையாளக் குறி) பரிசோதனை செய்தோம். எனக்குப் பாதி, தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை. ஸ்காபரோவில் இருக்கும் பெரியண்ணா, வயது 54, முழுப் பொருத்தம். வட்டுக்கோட்டையில் இருக்கும் அக்கா, வயது 49, அவரும் முழுப் பொருத்தம். அறிக்கை வந்த அன்று அம்மா நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், வைத்தியர் பெரியண்ணாவைத்தான் கேட்கிறார். அக்கா பக்கத்தில் இருக்கிறார், அவருடைய இரத்தக் குறூப்பும் நடு அண்ணாவின் குறூப்பும் ஓ பொசிட்டிவ். பெரியண்ணா பி. கனடாவிலிருந்து வேலையை விட்டுவிட்டு அவர் ஏன் வர வேண்டும்? அக்கா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "என்ரை இரத்தத்தில் என்ன பிழை?" என்று கேட்கிறார்.

அதோடு, முழுப் பொருத்தம் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஜி.வி.எச்.டி. (ஏற்றிய கலங்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் வருத்தம்) பற்றித்தான் வைத்தியர் கதைத்தார். பொருந்தினால் அது வராதுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுன்னாகம் 77 | செவ்வாய் இரவு 9.40

குறூப் ஒன்றென்றால் காணும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேட்டது நல்லது தம்பி.


பழைய பீடத்தான் | செவ்வாய் இரவு 11.05

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தை விட்டு வந்து கனகாலம். இப்போது வெளிநாட்டில் இரத்த நோய்ப் பிரிவில் வேலை. உங்கள் வைத்தியர் அரை மணி நேரத்தில் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் குறூப்பை ஒரு பக்கம் வையுங்கள். இரத்தக் குறூப்பைத் தீர்மானிப்பது 9ஆம் நிறமூர்த்தம், எச்.எல்.ஏ. இருப்பது 6ஆம் நிறமூர்த்தத்தில். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. குறூப் வேறாக இருந்தால் ஏற்றும்போது சில முன்னேற்பாடுகள் செய்வார்கள், அவ்வளவுதான். மாற்றிய பிறகு நோயாளியின் குறூப்பே மாறிவிடும். பெரியண்ணா கொடுத்தால் நடு அண்ணா ஓ-வாகப் போய் பி-யாக ஊருக்குத் திரும்புவார்.

எச்.எல்.ஏ.யைத் தாயிடமிருந்து ஒரு கட்டு, தகப்பனிடமிருந்து ஒரு கட்டு என்று வாங்கிக்கொண்டு பிறக்கிறோம். ஆகவே ஒரு சகோதரம் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. நாலு சகோதரம் இருந்தால் ஒருவராவது பொருந்த ஏறத்தாழ 68 வீதம். உங்களுக்கு இருவர். அர்ச்சனைக்கு வேண்டிய காரணம் இருக்கிறது.

ஆனால் 'முழுப் பொருத்தம்' என்ற சொல்தான் ஆட்களைக் குழப்புகிறது. பொருந்துவது எச்.எல்.ஏ. மட்டும். மற்ற மரபணுக்கள் ஆளுக்காள் வேறு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் தவிர வேறு எவரும் உடம்பு முழுக்கப் பொருந்துவதில்லை. கொடையாளியிடமிருந்து ஸ்டெம் செல்லோடு டி கலங்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களும் சேர்ந்து வருகின்றன. காவற்காரன் மாதிரி. புதிதாக வந்த காவற்காரனுக்கு வீட்டுக்காரனின் முகம் தெரியாது, கள்வன் என்று அவனையே பிடித்து அடிக்கத் தொடங்குகிறான். முதலில் அடி விழுவது பெரும்பாலும் தோல், குடல், ஈரல் மூன்றிலும். அதுதான் உடனடி ஜி.வி.எச்.டி. நாட்பட்ட வகை பிறகு வரும். கண், வாய், தோல், மூட்டு, சுவாசப்பை என்று எங்கேயும் இருக்கலாம்.

சரி, அக்காவின் விடயம். அக்காவுக்கு ஆண் பிள்ளைகள் உண்டா?


கொட்டடிப் பெடியன் | புதன் காலை 6.20

உண்டு. மூன்றில் இரண்டு பெடியன்கள். அதற்கும் இதற்கும் என்ன?


பழைய பீடத்தான் | புதன் காலை 7.02

அங்கேதான் விடை இருக்கிறது. பிள்ளையைச் சுமக்கும்போது பிள்ளையின் கலங்கள் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். ஆண் பிள்ளை என்றால் அந்தக் கலங்களில் வை நிறமூர்த்தம் செய்யும் புரதங்கள் இருக்கும். பெண்ணின் உடம்புக்கு அவை அந்நியம். அக்காவின் டி கலங்கள் அவற்றை ஏற்கெனவே கண்டு பழகியவை. அவற்றை ஓர் ஆணுக்குள் விட்டால், பழைய ஆளை அடையாளம் கண்டது போலப் பாயக்கூடும். பிள்ளை பெற்ற பெண் ஆணுக்குக் கொடுக்கும்போது, முக்கியமாக நாட்பட்ட ஜி.வி.எச்.டி. கூடுதலாக வருவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம். கொடையாளியின் வயதும் பார்ப்பார்கள்; இளம் கொடையாளி நல்லது. ஆனால் 49க்கும் 54க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அக்காவிடம் சொல்லுங்கள், அவர் இரத்தத்தில் ஒரு பிழையும் இல்லை. பெரியண்ணா ஏதாவது காரணத்தால் கழிந்துபோனால் அடுத்தது அவர்தான். எத்தனையோ ஆண்கள் அக்காமாரின் செல்லில் உயிரோடு இருக்கிறார்கள்.


இணுவில் நிழல் | புதன் காலை 8.15

அப்படி இருப்பவர்களில் நானும் ஒருவன். ஏழு வருடம். தந்தது என் அக்கா, நாலு பிள்ளைகளின் தாய். என் காலத்தில் வேறு தெரிவு இருக்கவில்லை. கண் வறட்சி இருக்கிறது, நாளுக்கு ஆறு ஏழு முறை சொட்டு மருந்து விடுகிறேன். உறைப்பு வாயில் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தானுக்கு இதை விடப் பெரிய தண்டனை இல்லை. ஆனால் இருக்கிறேன்.

வேலையால் வந்து ஆறுதலாக எழுதுகிறேன்.


கொட்டடிப் பெடியன் | புதன் பகல் 12.48

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வை நிறமூர்த்தம் என்றதும் சிரித்துவிட்டார், "அந்த இரண்டு குரங்குகளாலை இதுவும் போச்சோ" என்றார். மத்தியானம் சோறு சாப்பிட்டார். நன்றி அண்ணை.

இன்னொரு கேள்வி. டி கலம்தான் கள்ளன் என்றால், ஏற்றும் முன்பே அதை வடித்து எடுத்துவிட்டால் என்ன?


பழைய பீடத்தான் | புதன் இரவு 10.30

1980களில் இதே யோசனை ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்தது. வடித்துப் பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. நன்றாகக் குறைந்தது. ஆனால் ஏற்றியது பிடிக்காமல் போவதும், புற்றுநோய் திரும்புவதும் கூடிவிட்டது. இரட்டையரிடமிருந்து பெற்றவர்களைப் பார்த்தாலும் அதே கதைதான்: ஜி.வி.எச்.டி. இல்லை, ஆனால் நோய் திரும்புவது அதிகம். அந்தக் காவற்காரன் வீட்டுக்காரனை அடிப்பவன் மட்டும் அல்லன். கீமோவுக்குத் தப்பி மூலையில் ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கலத்தைத் தேடிப் பிடிப்பவனும் அவன்தான். உங்கள் அண்ணாவுக்கு மாற்றுச் சிகிச்சை செய்வதில் பாதி நோக்கமே அதுதான்.

ஆகவே டி கலத்தை அழிப்பது நோக்கமில்லை, அடக்கி வைத்துப் பிறகு மெல்ல மெல்லக் கயிற்றை விடுவதுதான். மருந்தைக் கூட்டினால் நோய் திரும்பும், கிருமி தொற்றும். குறைத்தால் ஜி.வி.எச்.டி. நாங்கள் நாளாந்தம் செய்வது இந்தக் கயிற்றுப் பிடிதான்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை, எலும்பு மச்சை வற்றிப்போகும் நோய் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே அழிக்க வேண்டிய புற்றுநோய் இல்லை, ஜி.வி.எச்.டி. முழுக்க நட்டம். அதனால் அவர்களுக்குக் கைநரம்பால் எடுக்கும் இரத்தத்தை விட, இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மச்சையையே விரும்புவார்கள். இரத்தத்தால் எடுப்பதில் டி கலம் மிகக் கூட. உறவல்லாத கொடையாளிகளை வைத்து 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடத்தில் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. இரத்தத்தால் எடுத்தவர்களுக்கு 53 வீதம், மச்சையால் எடுத்தவர்களுக்கு 41 வீதம். உயிர் தப்பியதில் வித்தியாசம் இல்லை.

கயிறுகள் என்னென்ன என்று கேட்பீர்கள். பழைய சோடி, சைக்ளோஸ்போரினும் மெத்தோட்ரெக்சேட்டும். 1986இல் சியாட்டில் குழு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க அதுதான் ஓடியது. மெத்தோட்ரெக்சேட்டை ஏற்றிய பிறகு 1, 3, 6, 11ஆம் நாட்களில் சின்ன அளவில் கொடுப்பார்கள், வாய் புண்ணாகும். சைக்ளோஸ்போரின் நோர்வே மண்ணில் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து வந்தது, அதன் தம்பி டாக்ரோலிமஸ் ஜப்பான் மண்ணில் இருந்த பற்றீரியாவிலிருந்து வந்தது. மண் தந்த மருந்துகள் இரண்டும். மூன்றாவது ஏ.டி.ஜி.; முயலுக்கு மனித டி கலத்தை ஊசியால் ஏற்றி, அது உண்டாக்கும் எதிர்ப்பொருளை எடுத்துச் செய்வது. 2016இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் முழுப் பொருத்தச் சகோதரங்களிடமிருந்து பெற்றவர்களுக்கு, இரண்டு வருடத்தில் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. 68.7 வீதத்திலிருந்து 32.2 வீதமாக இறங்கியது.

நாலாவது இப்போது எல்லோரும் கதைப்பது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், நாளைக்கு ஓ.பி. இருக்கிறது.


ஸ்காபரோ மாமா | வியாழன் அதிகாலை 4.11

நாலாவதை நான் எழுதுகிறேன், வீட்டில் பார்த்தவன் என்ற முறையில். மனைவிக்கு முழுப் பொருத்தம் எவரும் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் கொடையாளிப் பட்டியல்களில் குறைவு, தேடித் தேடி அலுத்துவிட்டோம். கடைசியில் மகன், 22 வயது, பாதிப் பொருத்தம். பெற்ற பிள்ளை எப்போதும் பாதியாவது பொருந்தும். "பாதியை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டேன். வைத்தியர் சொன்னது சைக்ளோபாஸ்பமைட். 1950களின் கடைசியில் வந்த பழைய கீமோ, விலையும் குறைவு. அதை ஏற்றும் முன்பு கொடுப்பதுதான் வழக்கம், இங்கே ஏற்றிய பிறகு 3ஆம் நாளும் 4ஆம் நாளும் கொடுத்தார்கள்.

ஏற்றிய அடுத்த நாளே மனைவிக்கு 39க்கு மேல் காய்ச்சல். எனக்கு உயிர் போய்விட்டது. தாதி ஆறுதலாகச் சொன்னார், மகனின் டி கலங்கள் சண்டைக்குக் கிளம்பிவிட்டன, இது எதிர்பார்த்ததுதான் என்று. கிருமிக்கு மருந்து தொடங்கினார்கள், ஆனால் ஸ்டீராய்டு மட்டும் தொடவில்லை. மூன்றாம் நாள் மருந்து ஏறியது, சலப்பை புண்ணாகாமல் இருக்கத் தண்ணீர் தண்ணீராக ஏற்றினார்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழிவறை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.


பழைய பீடத்தான் | வியாழன் இரவு 9.55

மாமா நான் எழுதுவதை விட வடிவாக எழுதிவிட்டார். காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். அண்ணாவின் உடம்பை அந்நியம் என்று கண்ட டி கலம் சும்மா இருக்காது, வேகமாகப் பெருகத் தொடங்கும். 3ஆம் 4ஆம் நாட்களில் அந்தப் பெருக்கம் உச்சத்தில். சைக்ளோபாஸ்பமைட் பெருகும் கலத்தைத்தான் அடிக்கும். சண்டைக்குப் போகாமல் இருந்த டி கலங்கள் பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். ஸ்டெம் செல்லிடம் அந்த மருந்தை முறிக்கும் நொதியம் நிறைய இருப்பதால் அதுவும் தப்பும். ஸ்டீராய்டு கொடுத்தால் பெருக்கம் அடங்கிவிடும், அடிக்க வேண்டியவன் ஒளித்துக்கொள்வான். அதனால்தான் காய்ச்சல் அடித்தாலும் கொடுக்கவில்லை. முழு விளக்கம் இதை விடச் சிக்கலானது. அடங்க வைக்கும் வகை டி கலங்கள் மிஞ்சுவதும் அதில் ஒரு பங்கு.

பாதிப் பொருத்தத்துக்காக ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வளர்த்தெடுத்த முறை இது. இப்போது முழுப் பொருத்தத்துக்கும் வந்துவிட்டது. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 431 பேர். ஒரு பாதிக்கு இந்த முறை, மறு பாதிக்கு டாக்ரோலிமஸும் மெத்தோட்ரெக்சேட்டும். ஒரு வருடம் முடிய, கடும் ஜி.வி.எச்.டி.யும் இல்லாமல் நோயும் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 52.7 வீதம், மற்றப் பக்கம் 34.9. ஏற்றும் முன்பு கொடுக்கும் முன்சிகிச்சையைக் கடுமை குறைத்துப் பெற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் அண்ணாவுக்கு எது என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று மட்டும் சொல்கிறேன்.


மூலிகைப் பித்தன் | வெள்ளி காலை 7.30

இவ்வளவு இரசாயனத்தை ஏற்றினால் உடம்பு தாங்குமா? ஊருக்கு வந்ததும் சீந்தில் கொடியை அவித்துக் கொடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி தன்னால் ஏறும். எங்கள் பாட்டன் வைத்தியர்.


இணுவில் நிழல் | வெள்ளி காலை 7.51

ஐயா, இவ்வளவு நேரம் மேலே எழுதியதை வாசித்தீர்களா? எதிர்ப்புச் சக்தி ஏறினால் ஏறுவது அண்ணாவுடையது இல்லை, பெரியண்ணாவின் காவற்காரனுடையது. அவனை அடக்கத்தான் கட்டுக் கட்டாகக் குளிசை விழுங்குகிறோம்.


பழைய பீடத்தான் | வெள்ளி பகல் 1.15

இணுவில் நிழல் சரியாகச் சொன்னார். உங்கள் பாட்டனாரை மதிக்கிறேன், ஆனால் இந்த வருத்தம் அவர் காலத்தில் உலகத்திலேயே இருக்கவில்லை, மனிதன் உண்டாக்கியது. சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை இந்தியாவில் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாற்றுச் சிகிச்சை செய்தவருக்குக் கண் மஞ்சளானால் அது ஜி.வி.எச்.டி.யா, கிருமியா, குளிசையா என்று பிரித்தறிவதே பெரிய பாடு. அதற்குள் சீந்திலும் சேர்ந்தால் நாங்கள் எங்கே போய்த் தேடுவது?


மூலிகைப் பித்தன் | வெள்ளி பகல் 2.02

சரி, இந்த வருத்தத்துக்கு வேண்டாம். மற்றவர்கள் குடிக்கலாம்.


ஓய்வுபெற்ற தாதி | வெள்ளி இரவு 8.20

பிள்ளை கொட்டடி, முப்பது வருடம் வார்டில் நின்றவள் நான். பெரிய விடயங்களை மகன் பீடத்தான் சொல்லிவிட்டார், நான் சில்லறை விடயம் சொல்கிறேன். ஆட்கள் விழுந்துபோவது சில்லறையில்தான்.

டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ, எது கொடுத்தாலும் இரத்தத்தில் அதன் அளவு பார்ப்பார்கள். கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், பிரஷர் ஏறும். குறைந்தால் ஜி.வி.எச்.டி. அளவு பார்க்கும் காலையில் குளிசையை விழுங்கக் கூடாது. முதல் நாள் இரவுக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, அடுத்ததை விழுங்குமுன் இரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் விழுங்கலாம். மருந்து ஏற்றிய குழாயாலேயே இரத்தம் எடுத்தால் அளவு பொய்யாகக் கூடும், குழாய் இருக்கும் காலத்தில் "எந்தப் பக்கத்தால் எடுக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், எவரும் கோபிக்க மாட்டார்கள்.

பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் குளிசை இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். அதை நிறுத்தும் அன்று அளவு கீழே விழத் தொடங்கும். வைத்தியர் இரண்டையும் சேர்த்துத்தான் கூட்டிக் குறைப்பார், நீங்களாக ஒன்றை நிறுத்தினால் மற்றது சரியும். ஊரில் தடிமன் என்று சந்தி வைத்தியரிடம் போனால் சில அன்ரிபயோட்டிக்கும் இதே வேலை செய்யும். நோவுக்கென்று கடையில் வாங்கும் குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரேப்ஃபுரூட் வேண்டாம் என்று சீட்டில் எழுதியிருக்கும், எங்கள் ஆட்கள் அது என்னவென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். அதன் இனம்தான் ஜம்போலா. அதுவும் வேண்டாம்.

விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் தானாக இன்னொன்று போடாமல் கேட்டுச் செய்யுங்கள். வயிற்றோட்டம் வந்தாலும் அளவு மாறும், உடனே அறிவியுங்கள்.


இணுவில் நிழல் | வெள்ளி இரவு 10.44

அந்தக் காலைக் குளிசை விடயத்தில் என் கதையைச் சொல்ல வெட்கம்தான். ஊருக்கு வந்து இரண்டாம் மாதம். விடிய ஆறு மணிக்கு வழமை போல விழுங்கிவிட்டு, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுத்தேன். அளவு இரட்டிப்பாக வந்தது. நான் விழுங்கியதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தெரியவும் இல்லை. வைத்தியர் தொலைபேசியில் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். அவர் மேல் பிழை இல்லை, கண்ட இலக்கத்துக்குச் செய்தார். பத்தாம் நாள் வயிற்றோட்டம், பச்சைத் தண்ணீர் மாதிரி, எண்ணிக்கை விட்டுவிட்டேன். மீண்டும் விமானம், மீண்டும் வார்டு, ஆறு கிழமை ஸ்டீராய்டு.

அதன் பிறகு என் கொப்பியில் மூன்று நிரல். எத்தனை மணிக்கு விழுங்கினேன், எத்தனை மணிக்கு இரத்தம் எடுத்தார்கள், இலக்கம் என்ன. பரிசோதனைச் சீட்டிலும் மணியை எழுதச் சொல்லிக் கேட்பேன்.

வெயிலையும் சொல்ல வேண்டும். வெயில் தோல் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பும். என் புனைபெயர் அதிலிருந்து வந்ததுதான். தேர்த் திருவிழாவுக்கு நான் போவதில்லை, வானொலியில் கேட்கிறேன். முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும்.


ஒடியல் | சனி காலை 9.05

எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

மச்சான் மாற்றுச் சிகிச்சை முடித்துப் பருத்தித்துறைக்கு வந்து, நாலாம் மாதம் குளிசையைக் குறைக்கத் தொடங்கினார்கள். இரண்டு கிழமையில் முகமும் காதும் சிவந்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னதாகப் பொரிந்தது. சித்திரை வெக்கை. வேர்க்குரு என்றார் ஒருவர். மாமி பார்த்துவிட்டு அம்மாள் வந்திருக்கிறாள் என்றார். வேப்பிலை கட்டி, பாயில் படுக்கவிட்டு, வீட்டில் மச்சம் நிறுத்தி, வெளியில் கொண்டுபோகக் கூடாது என்று நாலு நாள் வைத்திருந்தோம். படித்த நானும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் வயிற்றோட்டமும் தொடங்கிய பிறகுதான் ஓடினோம். மச்சான் தப்பிவிட்டார், ஆனால் நாலு நாள் முந்திப் போயிருந்தால் அந்த மூன்று மாதம் வந்திராது.


பழைய பீடத்தான் | சனி காலை 11.30

நன்றி, இதை எழுத மனம் வேண்டும். ஒன்று சேர்க்கிறேன். அது உண்மையிலேயே கொப்பளிப்பானாக இருந்திருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நிர்ப்பீடனம் அடங்கியவருக்கு அது உயிருக்கு ஆபத்து, நரம்பால் மருந்து ஏற்ற வேண்டும். ஆகவே தோலில் எது வந்தாலும் பெயர் வைப்பதை வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால், காது, தோள் என்றால் இன்னும் கெதியாக. வேர்க்குரு உள்ளங்கையில் வருவது இல்லை.


சுன்னாகம் 77 | சனி பகல் 3.10

எங்கள் பகுதியில் இரத்ததானம் செய்யும் பெடியன்கள் இருக்கிறார்கள். அண்ணாவுக்குத் தேவையென்றால் சொல்லுங்கள். சொந்தக்காரரின் இரத்தம் என்றால் இன்னும் நல்லதுதானே?


ஓய்வுபெற்ற தாதி | சனி பின்னேரம் 5.00

மனசுக்கு நன்றி தம்பி, ஆனால் சொந்தக்காரர் வேண்டவே வேண்டாம். மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு கொடையாளி ஆகக்கூடிய சகோதரங்கள் அவருக்கு இரத்தம் கொடுத்தால், உடம்பு அவர்களை எதிர்க்கப் பழகிவிடும், பிறகு ஸ்டெம் செல் பிடிக்காமல் போகலாம். அதோடு ஏற்றும் இரத்தத்தில் இருக்கும் டி கலமும் ஜி.வி.எச்.டி. உண்டாக்கும், மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் தப்பமாட்டார்கள். நெருங்கிய உறவின் இரத்தத்தில் அந்த ஆபத்துக் கூட. அதனால்தான் இவர்களுக்குக் கதிர் பாய்ச்சிய இரத்தம் மட்டும் கொடுப்பார்கள். வடிகட்டிய இரத்தம் அதற்குப் பதிலாகாது. அண்ணாவின் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை எப்போதும் இருக்கட்டும்: 'ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர், கதிர் பாய்ச்சிய இரத்தம் மட்டும்.' விபத்தில் எங்கே கொண்டுபோனாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பெடியன்களின் இரத்தம் வங்கிக்குப் போகட்டும், யாரோ ஒருவருக்கு உதவும்.


கொட்டடிப் பெடியன் | ஞாயிறு இரவு 8.36

எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டேன், 11 பக்கம். பெரியண்ணா விடுமுறை எடுத்துவிட்டார், அவர் நேரே சென்னைக்கு வருகிறார். அக்கா கொடையாளியாக இல்லாவிட்டாலும் நானே கூட நிற்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று, ஏற்றிய பிறகு அண்ணா தங்க வேண்டிய நூறு நாளும் அவர்தான் அங்கே இருக்கப் போகிறார். வை நிறமூர்த்தக்காரர் இருவரையும் அத்தான் பார்த்துக்கொள்வார். கொப்பியில் மூன்று நிரல் கோடும் போட்டாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர், கோயில் சாப்பாடு எல்லாம்?


ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு இரவு 9.10

தண்ணீர் கொதிக்க வைத்துத்தான். அன்னதானம், மடை, கடைச் சம்பல், பச்சையாக அரைத்தது எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் சமைத்துச் சுடச்சுட. ஒடியற்கூழ் வடிவாகக் கொதித்தது என்றால் பயமில்லை, உறைப்பைக் குறையுங்கள். மாட்டுக் கொட்டில், புறாக்கூடு, மண் கிண்டுவது, வீடு இடிக்கும் தூசி, இவற்றுக்குக் கிட்டப் போகாமல் பாருங்கள். மற்றவை சீட்டில் இருக்கும்.


கொட்டடிப் பெடியன் | ஏழு கிழமை கழித்து, வியாழன் காலை 7.05

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். ஸ்டெம் செல் ஏற்றி இன்று 23ஆம் நாள். பெரியண்ணாவின் இரத்தத்தால்தான் எடுத்தார்கள். 3ஆம் 4ஆம் நாள் சைக்ளோபாஸ்பமைட், 5ஆம் நாளிலிருந்து டாக்ரோலிமஸ். 17ஆம் நாள் வெள்ளணுக்கள் எழும்பிவிட்டன.

நேற்றுப் பின்னேரம் அக்கா போன் எடுத்தார். அண்ணாவின் காது சிவந்திருக்கிறதாம், உள்ளங்கையில் மிளகு அளவில் சில பொரியல். அங்கே நல்ல வெக்கை, வேர்க்குருவாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவும் வாசித்து அச்சடித்தவன் நான்தான், ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. அக்கா என்னோடு கதைத்து முடிக்கவில்லை, அண்ணாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வைத்தியர் இரவே பார்த்தார். தோலில் சிறு துண்டு எடுத்திருக்கிறார்கள். இலேசான ஜி.வி.எச்.டி. போல இருக்கிறது, வயிறும் ஈரலும் நன்றாக இருக்கின்றன, இப்போதைக்குப் பூசும் ஸ்டீராய்டு காணும் என்றாராம். நேரத்துக்கு வந்தீர்கள் என்று அக்காவிடம் சொன்னாராம்.

இன்று காலை குளிசை விழுங்காமல் ஏழு மணிக்கே இரத்தம் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். அளவு பின்னேரம் வரும்.


இணுவில் நிழல் | வியாழன் காலை 7.22

இலக்கம் வந்ததும் இங்கே போடுங்கள் தம்பி. மணியையும் சேர்த்து.